பனிச்சரிவிலிருந்து முருகன் திருப்பித் தந்த என் மனுசன்

முருகன் அடியார் எல்லோருக்கும் வணக்கம். எழுதிப் பழக்கமில்லாதவள் நான். ஜெர்மனியில், கெம்ப்டன் நகரில் ஒரு சிறுவர் பாடசாலைச் சமையலறையில் வேலை செய்கிறேன். ஆனால் போன ஈஸ்டர் திங்கட்கிழமை முருகன் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் விட்டால் நான் நன்றி கெட்டவள்.

என் கணவர் யோகனுக்கு ஐம்பத்திரண்டு வயது. வீடுகளுக்கு வெப்பக் குழாய் பூட்டுகிறவர். கூட வேலை செய்யும் மார்க்குஸ் பழக்கிவிட, நாலு வருஷமாகப் பனிச்சறுக்குப் பைத்தியம். அதுவும் கம்பிவண்டியில் ஏறிப் போய்ச் சறுக்குகிற சறுக்கு இல்லை. சறுக்குப் பலகைக்கு அடியில் வழுக்காத துணியை ஒட்டிக்கொண்டு, பாதையில்லாத மலையில் மணிக்கணக்காக ஏறிவிட்டு இறங்குவது. "யாழ்ப்பாணத்தில ஒரு மேடு கூடக் காணாத ஆளுக்கு இந்த வயசில உது தேவையே?" என்று கேட்பேன். சிரிப்பார். அந்தச் சிரிப்பிடம் இருபத்தைந்து வருஷமாகத் தோற்றுக்கொண்டிருக்கிறேன்.

அன்று விடிய ஐந்து மணிக்கு மார்க்குஸ் அவரைக் கூட்டிப்போக வந்தார். வீட்டுக்கு வந்த மனிதரை வெறும் வயிற்றோடு அனுப்ப எனக்கு மனம் வருமா? புட்டு, சொதி, கத்தரிக்காய்க் குழம்பு எல்லாம் நாலு மணிக்கே எழும்பிச் செய்து வைத்திருந்தேன். இருந்து சாப்பிட்டால்தான் விடுவேன் என்றேன். "விடு நளினி, நேரம் போகுது" என்றார் யோகன். நான் விடவில்லை. மார்க்குஸுக்கு இரண்டாம் தரமும் வைத்தேன். அவருக்கு வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. பிறகு தேத்தண்ணி, பிறகு கதை. அவர்கள் வெளிக்கிட ஆறரை மணி தாண்டிவிட்டது.

பத்து மணிக்கு மார்க்குஸின் மனைவி சபீனே போன் எடுத்தார். எத்தனை மணிக்குப் போனார்கள் என்று கேட்டார். சொன்னேன். "பிந்திவிட்டதே" என்றார். பிறகு மெல்ல விளங்கப்படுத்தினார். வசந்தத்தில் மலைப் பனி இரவில் இறுகும். காலையில் கல்லுப்போல இருக்கும். வெயில் ஏற ஏற இளகி, தண்ணீர் ஊறி, நடுப்பகல் நெருங்க அப்படியே சரிந்து விழும். அதற்கு முன் இறங்கிவிட வேண்டும். அதற்காகத்தான் ஐந்து மணிக்கு வெளிக்கிடுவது. இருவருக்கும் போன் அடித்துப் பார்த்தோம். தொடர்பு கிடைக்கவில்லை.

ஜன்னலால் பார்த்தேன். நல்ல வெயில். ஜெர்மனிக்கு வந்த இத்தனை வருஷத்தில் வெயிலைக் கண்டு நான் பயந்தது அன்றுதான்.

எங்களுக்குச் சாமியறை இல்லை. அலுமாரித் தட்டில்தான் முருகன் இருக்கிறார். அவர் முன்னால் இருந்தேன். பாடமாக்கிய ஒரு வரியும் வாயில் வரவில்லை. அழுகைதான் வந்தது. "முருகா, நான்தான் பிந்த வச்சனான். நேரம் போகுது எண்டு அவர் சொன்னவர், நான் கேக்கேல்லை. என்ர பிழைக்கு அவரை எடுத்துப் போடாதை. எதையும் பாதியில விடுற மனுசன் இல்லை அவர். இண்டைக்கு மட்டும் திரும்பி வாற புத்தியைக் குடு." இதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

இரண்டு மணிக்கு யோகன் போன் எடுத்தார். "பயப்பிடாதை, நான் உயிரோட இருக்கிறன்" என்றார். இப்படித் தொடங்கினால் யார்தான் பயப்படாமல் இருப்பார்கள்?

உச்சிக்கு இன்னும் அரைமணி நேர ஏற்றம் இருக்க, பலகை பனியில் புதையத் தொடங்கியதாம். "போதும், இறங்குவம்" என்று முதலில் சொன்னது யோகன்தானாம். ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். மார்க்குஸ் கீழே சேர்ந்துவிட்டார். யோகன் சரிவின் ஓரத்துக்கு வரும்போது மேலேயிருந்து பனி உடைந்து வந்தது. அவரை இழுத்துக்கொண்டு போய், நெஞ்சுவரை மூடிவிட்டு நின்றது. மார்க்குஸ் ஓடிவந்து பனி அள்ளும் சவளால் வெட்டி எடுத்தார். முழங்கால் வீங்கியிருந்தது. ஒரு பலகை போய்விட்டது. இன்னும் மேலே ஏறியிருந்தால் முழுப் பனியும் அவர்கள் தலையில்தான்.

வீட்டுக்கு வந்தவரைக் கட்டிப்பிடித்து அழுதேன். "ஏனப்பா திரும்பினனீங்கள்? நீங்கள் திரும்புற ஆள் இல்லையே" என்று கேட்டேன்.

"தெரியேல்லை. பத்தரை இருக்கும். மனம் அதுக்கு மேல போக விடேல்லை" என்றார்.

நான் முருகன் முன்னால் இருந்த நேரம் அது. எல்லாவற்றையும் யோகனிடம் சொன்னேன், பிந்தியது என்னால்தான் என்றும் சொன்னேன். "ஓம், உன்னாலதான் பிந்தினது. திரும்பினதும் உன்னாலதான் போல" என்று என் தலையைத் தடவினார்.

இப்போதும் அவர் மலைக்குப் போகிறார். நான் தடுப்பதில்லை. மலை முருகனுடைய இடம், தடுக்க நான் யார்? ஆனால் சாப்பாட்டை முதல் நாளே கட்டிவைத்துவிடுவேன். மார்க்குஸுக்கு வாசலிலேயே பொதியைக் கொடுத்து அனுப்புகிறேன். காலையில் விளக்கேற்றிய கையோடு பனிச்சரிவு எச்சரிக்கை அறிக்கையை நானே வாசிக்கிறேன். அதில் ஆபத்து என்று இருந்தால் பலகை வீட்டைவிட்டு வெளிக்கிடாது.

உங்கள் வீட்டு ஆள் வெளியில் நிற்க, உங்கள் நெஞ்சு பதறினால், முருகனிடம் போங்கள். அழகாகக் கேட்கத் தேவையில்லை. உங்கள் பிழையையும் மறைக்காமல் சொல்லுங்கள். நான் அப்படித்தான் கேட்டேன். இதை எழுதும்போது அவர் குசினியில் நின்று எனக்குத் தேத்தண்ணி போடுகிறார். சீனியை அள்ளித்தான் போட்டிருப்பார். குடிப்பேன்.