ரொட்டிக்குள் ஒளித்த பொம்மை

ஒப்துலியாவின் வாய்க்குப் பயந்து, மெட்ரோ வாசலில் நிற்கும் போலீஸ்காரன்கூட அவள் வண்டியை ஓரங்கட்டச் சொல்வதில்லை. இஸ்தபலாபா வட்டாரத்தில் அந்த மூன்று சக்கர வண்டியையும், அதன்மேல் ஆவி பறக்கும் பெரிய பானையையும் தெரியாதவர் கிடையாது. சோளமாவில் கோழியும் மிளகாய்ச் சாந்தும் வைத்து, சோளமடலில் சுற்றி அவித்த தமாலேக்கள் அதில் இருக்கும். வேலைக்கு ஓடுகிற சனம் நின்றபடியே வாங்கித் தின்னும், கூடவே நாலு திட்டும் வாங்கிக்கொண்டு போகும். அந்தப் பானையை வைத்துத்தான் ஒப்துலியா ஒற்றை ஆளாக மகளை வளர்த்தாள், நர்ஸுக்கும் படிக்க வைத்தாள்.

புருஷன் இருந்தான், இல்லாமல் என்ன? மகள் அராசெலி தவழ்ந்துகொண்டிருந்தபோது அமெரிக்கா போகிறேன் என்று வடக்கே கிளம்பினான். எல்லையைத் தாண்டக் காத்திருப்பதாகத் தீஹுவானாவிலிருந்து போன் வந்தது. முதலில் வாரம் ஒரு போன், பிறகு மாதம் ஒன்று, அப்புறம் அதுவும் நின்றுபோனது. செத்தானா, வேறொருத்தியோடு குடும்பம் நடத்துகிறானா, யார் கண்டது? யாராவது கேட்டால் "தொலைஞ்சது சனியன்" என்பாள். ஆனால் தீஹுவானா என்கிற பேரை மட்டும் அந்த வீட்டில் யாரும் எடுக்கக் கூடாது.

போயும் போயும் அந்த ஊர் ஆஸ்பத்திரியில்தான் அராசெலிக்கு வேலை கிடைத்தது.

"ஏன்டி, இத்தாம் பெரிய ஊர்ல ஒரு ஆஸ்பத்திரிகூடவா இல்ல? இங்க எவனுக்கும் காய்ச்சலே வர்றதில்லையா?"

"இங்க போனா சிபாரிசு இருக்கான்னு கேக்குறாங்கம்மா. அங்க நிரந்தர வேலை."

"உங்கப்பனும் போய் நிரந்தரமா அங்கேயே இருந்துட்டான்."

"நான் ஒண்ணும் அப்பா இல்ல."

"மூக்கு அவன் மூக்கு. பிடிவாதமும் அவன்கிட்ட வாங்குனது."

"பிடிவாதமா? கொஞ்சம் போய்க் கண்ணாடியப் பாரும்மா!"

கிறிஸ்துமஸ் முழுக்க இதே பாட்டுத்தான். பக்கத்து வீட்டுக் கூக்கா அராசெலியின் ஞானத்தாய். அவள் நடுவில் புகுந்து சமாதானம் பேசப் போய், இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

ஒப்துலியா நன்றாகத் திட்டுவாள், கெஞ்சத்தான் தெரியாது. போகாதேடி என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அதனால் அவள் புத்தி குறுக்கே போனது.

ஜனவரி ஆறு, மூவிராசாக்கள் திருநாள். அன்று எல்லா வீட்டிலும் வளைய ரொட்டி வெட்டுவார்கள். உள்ளே விரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்டிக் குழந்தை பொம்மை இருக்கும். யார் துண்டில் அது வருகிறதோ, அவர்தான் அந்த வீட்டுப் பாலன் இயேசுவுக்கு ஞானத்தாய். குடிலில் படுத்திருக்கும் பாலனை எடுத்துப் போய்ப் புதுத்துணி உடுத்த வேண்டும், பிப்ரவரி இரண்டு மெழுகுவத்தித் திருநாளில் கோயிலுக்குக் கொண்டுபோய் மந்திரிக்க வேண்டும், தெருவுக்கே தமாலே போட வேண்டும். ஒரு வருஷத்தோடு முடிகிற காரியமில்லை, மூன்று வருஷத்துக்கு அந்தப் பொறுப்பு அவர் தலையில். பாலனிடம் ஏற்ற பொறுப்பைப் பாதியில் விட்டுப் போகிறவர்களை ஒப்துலியா கண்டதில்லை.

அவரவர் துண்டை அவரவரே வெட்ட வேண்டும் என்பது விதி. அராசெலி சின்ன வயசிலிருந்தே மேலே சிவப்புப் பழப்பாகு ஒட்டியிருக்கும் இடத்தில்தான் வெட்டுவாள். மத்தியானம் மகள் குளிக்கப் போன நேரம், ஒப்துலியா ரொட்டியைக் கவிழ்த்து, கடைக்காரன் வைத்தது எங்கே கிடந்தாலும் கிடக்கட்டும் என்று, போன வருஷத்துப் பொம்மையைச் சிவப்புக்கு நேர் கீழே கட்டைவிரலால் அமுக்கினாள். சிலுவை போட்டுக்கொண்டாள். கடவுளுக்கும் மகள்கள் இருந்திருந்தால் புரியும் என்று நினைத்தாள்.

சாயங்காலம் கூக்காவும் வர, மூவரும் உட்கார்ந்தார்கள். அராசெலி சிவப்பில் வெட்டினாள், கடித்தாள், மெல்லுவதை நிறுத்தினாள். கன்னம் ஒரு பக்கம் லேசாகப் புடைத்தது. ஒன்றும் தெரியாதவள்போல் சாக்லேட் கோப்பையை எடுத்தாள். செலவுக்குப் பயந்து பொம்மையை வாயில் ஒளிக்கிறது எல்லா வீட்டிலும் நடக்கிற திருட்டுத்தனம்தான்.

"வாயத் திற," என்றாள் ஒப்துலியா.

"ம்ஹூம்."

"திறடி!"

"பல்லு வலி," என்று அராசெலி முனகினாள். கூக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். அதைப் பார்த்து அராசெலிக்கும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அந்தச் சிரிப்பில் பொம்மை தொண்டையில் போய் அடைத்துக்கொண்டது.

முகம் கறுத்தது, கண் பிதுங்கியது. ஒப்துலியா நாற்காலியைத் தள்ளிவிட்டுப் பாய்ந்து, மகளைக் குனியவைத்து முதுகில் மாறி மாறி அறைந்தாள். "ஐயோ, நான்தாண்டி வெச்சேன்! நான்தான் அத உள்ள அமுக்குனேன்! பாவி, நானே எம் புள்ளையக் கொன்னுட்டேனே!"

பொம்மை தெறித்து மேசைமேல் விழுந்தது. அராசெலி இருமி இருமி மூச்சு வாங்கினாள்.

"எதுக்கும்மா வெச்ச?"

ஒப்துலியா உட்கார்ந்துவிட்டாள். "மூணு வருஷம் போகமாட்டேல்ல, அதுக்குத்தான். உங்கப்பன் போனும் முதல்ல வாரம் ஒண்ணுதான்டி வந்துச்சு."

அராசெலியின் கண் நிறைந்தது. ஆனால் அவளும் அந்தத் தாய்க்குப் பிறந்தவள்தானே! எழுந்துபோய்க் குடிலிலிருந்து பாலனை எடுத்துத் துணியில் சுற்றினாள்.

"எவ்வளவு திருட்டுத்தனம் பண்ணாலும், வந்தது எந்துண்டுல. நான்தான் ஞானத்தாய். பாலன் எங்கூட வர்றார்."

"அடியே, அது எங்கம்மா குடுத்தது!"

"ஞானத்தாய் எடுத்துட்டுப் போய் உடுத்தணும்னு நீதானே சொல்லுவ? மெழுகுவத்திக்குக் கொண்டாந்து தர்றேன்."

அந்த வாரமே மடியில் பாலனோடு பஸ் ஏறிவிட்டாள்.

போன் வந்தது. பேச்செல்லாம் பாலனைப் பற்றித்தான். நல்லாயிருக்காரா என்று இவள் கேட்பாள், இருக்கார் என்று அவள் சொல்வாள். நீ எப்படியிருக்கே என்று மட்டும் இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை. மாதக் கடைசியில் அராசெலி, "புதுசா சேந்தவங்களுக்கு லீவு இல்லேன்னுட்டாங்கம்மா," என்றாள். ஒப்துலியா, "தெரியும்," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள். அன்றைக்குத் தமாலே வாங்க வந்தவர்களுக்கெல்லாம் நல்ல பூசை.

பிப்ரவரி இரண்டாம் தேதி வண்டி மெட்ரோவுக்குப் போகவில்லை. மந்திரித்துக் கொண்டுவந்த பாலனை உட்கார வைக்கும் சின்ன நாற்காலி மேசைமேல் காலியாக இருந்தது. ஞானத்தாயானவள் ஊரைவிட்டு ஓடிப்போனாள், ஒரு தமாலேகூடப் போடவில்லை என்று நாளைக்கு எவளாவது பேசுவாளே! ஒப்துலியா பானை நிறைய அவித்து, வீட்டு வாசலில் வைத்து, தெருவில் ஒருவர் விடாமல் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

"எம் மக போடச் சொன்னா. சாப்டுங்க, சாப்டுங்க."

"அராசெலியா சொன்னா?" என்றாள் கூக்கா.

"ஆமா, ஏன்? எம் மக சொல்லக் கூடாதா?"

கூக்கா தட்டை நீட்டினாள்.

அப்போதுதான் போன் அடித்தது. திரையில் ஒரு ஆஸ்பத்திரி மேசை. அதன்மேல் வெள்ளைச் சட்டையும் குட்டி நர்ஸ் தொப்பியுமாகப் பாலன் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அராசெலி, கண்ணுக்குக் கீழே கருவளையத்தோடு. "காலையில சாமியார் வந்து மந்திரிச்சாரும்மா. எப்படியிருக்கு?"

நீ இளைச்சுட்டடி என்று ஒப்துலியாவின் நாக்கு நுனிவரை வந்தது. "தொப்பி கோணலா இருக்கு," என்றாள்.

"அப்ப நீ வந்து நேரா வெச்சுட்டுப் போ."

தீஹுவானாவுக்கா! ஒப்துலியா பானை மூடியை எடுத்து இறுக்கி மூடினாள். உள்ளேயிருந்து யாரோ கூப்பிட்டார்கள். "வெக்கிறேம்மா," என்றாள். திரை இருண்டது.

"என்னவாம்?" என்று கூக்கா கேட்டாள்.

"எல்லாருக்கும் தமாலே வந்துச்சான்னு கேக்குறா," என்று சொல்லி, ஒப்துலியா பானை மூடியைத் திறந்து, முகத்தை அந்த ஆவிக்குள் நீட்டிக்கொண்டாள்.