பசவன் சொன்ன புழு

நத்தையைப் பற்றி எனக்கு இவ்வளவு தெரிந்திருப்பது ஆசைப்பட்டு அல்ல. என்னைத் திருடன் என்றார்கள். அதனால் தெரிந்துகொண்டேன்.

சூளகிரிப் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில் மருந்து அடிக்கிற வேலை எனக்கு. பிளாஸ்டிக் கூரை போட்ட பாலிஹவுஸ். உள்ளே எப்போதும் ஈரம், வெக்கை. நத்தைக்கு அது மாமியார் வீடு மாதிரி. மழைக்காலம் தொடங்கியதும் கொழுந்தையும் மொட்டையும் ஏதோ தின்னத் தொடங்கியது. பூப் பறிக்கிற கன்னடத்து அக்கா ஒருவர்தான் முதலில் பார்த்தார். சூப்பர்வைசரிடம் போய்ச் சொன்னார்: "சார், பசவன ஹுளா தும்பா இதே."

கன்னடத்தில் நத்தைக்குப் பெயரே பசவன ஹுளாதான். நந்தியின் புழு என்று பொருள். அது நிறைய இருக்கிறது என்றுதான் அக்கா சொன்னார். தலையில் கொம்பு நீட்டுகிறதல்லவா, அதனால் அப்படி. இந்தக் கர்நாடக எல்லையில் பால்காரன் முதல் பஸ் கண்டக்டர் வரை எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்குத் தெரியாது. மதுரைப் பக்கத்திலிருந்து வந்து ஆறு மாதம். கன்னடம் நன்றாக வரும் என்று அவராகவே சொல்லிக்கொள்வார். பதிவேட்டில் இப்படி எழுதினார்: 'புழுத் தாக்குதல் அதிகம். தகவல்: பசவன்.'

பசவன் என்று எங்கள் பண்ணையில் ஒருவனும் இல்லை.

ஸ்டோரிலிருந்து புழு மருந்து வந்தது. "சார், அது நத்தை. இதுக்கெல்லாம் சாவாது" என்றேன்.

"நத்தையும் ஒரு பூச்சிதானய்யா. ரெஜிஸ்டர்ல என்ன இருக்கோ அதை அடி."

மூன்று வாரம் அடித்தேன். எரிந்தது என் கண்தான். நத்தைகள் மருந்து காய்ந்த இலை மேலேயே ஏறித் தின்று கொழுத்தன.

நான்காவது வாரம், காலையில் எல்லாரும் வரிசையில் நிற்கிற நேரம், மேனேஜர் என்னை முன்னால் கூப்பிட்டார். "மருந்து செடிக்குப் போகல. இவன் தோட்டத்துக்குப் போயிருக்கு. இங்க வெறும் தண்ணியை அடிச்சிட்டு இருக்கான்." குருபரப்பள்ளியில் எனக்கு அரை ஏக்கர் தக்காளி இருக்கிறது. அந்தப் போகத்தில் புழு விழவில்லை. அதுவே சாட்சியாகிவிட்டது. சனிக்கிழமைக்குள் ஒத்துக்கொண்டால் போலீசுக்குப் போகாமல் அனுப்பிவிடுகிறேன் என்றார். பெரிய மனசு.

வேலை போனால் போகட்டும். இங்கே கேட்டுக்குக் கேட் ஆள் தேவை என்று போர்டு தொங்குகிறது. ஆனால் திருடன் என்று அனுப்பினால் எந்தப் பண்ணைக்காரன் மருந்து டப்பாவை என் கையில் கொடுப்பான்?

வியாழக்கிழமை, செடியைப் பார்க்க வேளாண்மைக் கல்லூரி வாத்தியார் ஒருவரை மேனேஜர் காரில் கூட்டி வந்தார். நான் ஒரு டப்பாவில் ஏழெட்டு நத்தைகளைப் பிடித்து வைத்திருந்தேன். மேனேஜர் வாயைத் திறக்கும் முன் அதை வாத்தியாரிடம் நீட்டினேன்.

"இது புழுவா சார்?"

"யாருய்யா சொன்னது? பூச்சின்னா ஆறு கால் வேணும். இதுக்கு வயிறுதான் கால். சிப்பி, கணவாய்க்கெல்லாம் இது பங்காளி."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. தோட்டங்களை அழிக்கிற பெரிய ஆப்பிரிக்க நத்தை வேறு குடும்பமாம். அதன் ஓடு கூம்பாகவும் தடிப்பாகவும் இருக்கும். இது நம் பக்கத்துக் குடும்பம். ஓடு தட்டை, மெல்லிசு, எண்ணெய் தடவினாற்போல் மின்னும். வாலைப் பார் என்றார். நுனியில் ஒரு குழி, அதன் மேல் சின்னதாக ஒரு கொம்பு. ஒவ்வொன்றும் ஆணும்தான், பெண்ணும்தான். நாக்கு முழுக்கப் பல். வெயில் காலத்தில் ஓட்டின் வாயைச் சளியால் அடைத்துக்கொண்டு மாதக்கணக்கில் தூங்கும். எங்கள் ஆபீசிலும் அப்படி இரண்டு பேர் உண்டு. அவர்கள் வெயிலுக்குக் காத்திருப்பதில்லை.

"இதுக்குப் பேர் என்ன சார்?" என்றார் மேனேஜர், தானும் ஏதாவது கேட்க வேண்டுமே என்று.

"இப்பச் சொல்ல முடியாது. இந்தக் குடும்பத்துல ஓட்டை மட்டும் பார்த்தா ஏமாந்துடுவோம். அறுத்து, உள்ள இருக்கிற இனப்பெருக்க உறுப்பைப் பார்த்துத்தான் சொல்லணும்."

ஒரு நத்தைக்குப் பெயர் சொல்ல அவ்வளவு யோசனை. எனக்குப் பெயர் வைக்க அரை நிமிஷம் ஆனது.

மருந்து டப்பாவைக் காட்டினேன். "இதைக் குடம் குடமா ஊத்தினாலும் நத்தை சாவாதுப்பா. எவன் அடிச்சாலும் இதே கதைதான்" என்றவர், பதிவேட்டைக் கேட்டு வாங்கிப் படித்தார். "யாரு இந்தப் பசவன்?"

பக்கத்துப் பாத்தியில் பூப் பறித்துக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "ஆளு இல்ல சார், ஹுளா. உங்க கையில டப்பால இருக்காரே, அவருதான் பசவன்."

கூடவே நின்ற சூப்பர்வைசர் சொட்டுநீர்க் குழாயைச் சரிபார்க்கக் குனிந்தார். குழாய் நன்றாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை வரிசையில் மேனேஜர் நத்தையைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசினார். தட்டை ஓடு, வாலில் குழி, கொம்பு எல்லாம் பிறந்ததிலிருந்தே தெரிந்தவர்போல. இனிமேல் தினமும் கையால் பொறுக்க வேண்டும், எல்லாரும் போகலாம் என்றார். நான் நகரவில்லை.

"மருந்து திருட்டுப் போச்சா சார், இல்லையா?"

"அதெல்லாம் முடிஞ்சு போச்சுப்பா. வேலையைப் பாரு."

"முடியல சார். இங்க நிக்க வெச்சுத்தான சொன்னீங்க. இங்கயே சொல்லுங்க."

ஒருவரும் கலையவில்லை. அவர் வாட்சைப் பார்த்தார். "மருந்து எதுவும் திருட்டுப் போகல" என்றார், தன் சட்டைப் பொத்தானிடம் சொல்வதுபோல.

"கேக்கல சார்" என்றார் அந்த அக்கா, பின்வரிசையிலிருந்து.

இரண்டாவது தடவை எல்லாருக்கும் கேட்டது. அதற்குப் பிறகுதான் நான் நத்தை பொறுக்க வாளியை எடுத்தேன்.