முறை இல்லாத கேலி

சினிமாக்காரர்களைக் கூப்பிட்டு உட்காரவைத்துக் கிண்டல் செய்கிற டிவி நிகழ்ச்சியை முதன்முதலில் பார்த்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. தலைக்குச் சாயம் அடித்த பெரிய நடிகர் ஒருவர் சாய்ந்து உட்கார்ந்திருக்கிறார். எதிரே ஊதா நிறக் கோட்டு போட்ட ஒல்லிப் பையன். “சார், படத்துல ஒரே அடியில நாப்பது பேரைப் பறக்க விடுறீங்க. வீட்டுல கேஸ் சிலிண்டர் தீர்ந்தா தூக்கி மாட்டுறது யாரு?” என்று கேட்டான். நடிகர் தலையைக் குனிந்துகொண்டு, “என் வீட்டம்மா” என்றார். கூட்டம் கத்தித் தீர்த்தது.

எங்கள் சனங்களில் கேலிக்கு முறை வேண்டும். மதினி கொழுந்தனைக் கேலி செய்யலாம். மச்சான் மச்சானைச் செய்யலாம். அண்ணன் தங்கச்சிக்குள் அது கிடையாது, சம்பந்திக்குள் கிடையவே கிடையாது. இந்தப் பையன் யாருக்கு என்ன முறை? எல்லாருக்கும் மச்சான் போலல்லவா உட்கார்ந்திருக்கிறான்!

அந்த நிகழ்ச்சியை நான் பார்க்க நேர்ந்ததே என் சம்பந்தியால்தான். மகளின் மாமனார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, ஆபரேஷன் முடிந்து மகள் வீட்டில் படுத்திருந்தார். அவர் மனைவி காலமாகி நாளாயிற்று. மருமகனுக்குக் கப்பலில் வேலை. மகள் துறைமுகத்துப் பக்கம் ஒரு கன்டெய்னர் ஆபீசுக்குப் போகிறாள். பகலில் ஆளில்லை என்று நான் போய் இருந்தேன்.

எலும்பு கூடிவிட்டது, இனி நடக்கவேண்டியதுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ எழுந்திருக்கவே மாட்டேன் என்றார். என் முழங்காலை வைத்துக்கொண்டு அவரைத் தூக்க என்னால் ஆகாது.

“இந்த மாசம் முடியட்டும்மா. மாமா நடக்கலேன்னா வேலைய எழுதிக் குடுத்துட்டு வந்துருவேன்” என்றாள் மகள்.

அந்த வேலையை அவள் விடுவதா? நான் எழுத்துக்கூட்டிப் படிக்கிறவள். அவள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவென்றே ஒருநாள் அந்த ஆபீஸ் வாசல்வரை போய்வந்தவள்.

நடை பழக்க ஒரு பெண் வருவாள். “தாத்தா, செல்லத் தாத்தா, பாப்பா மாதிரி ஒரே ஒரு ஸ்டெப்பு” என்பாள். அவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொள்வார். பார்க்க வருகிற சொந்தக்காரர்களும் சாவு விழுந்த துஷ்டி வீடு போலக் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார்கள்.

இதே மனுசன் ஒரு காலத்தில் நான் வேலை பார்த்த உப்பளத்தில் கங்காணி. அவர் குடை பிடித்துக்கொண்டு வரப்பில் வந்தால் முதலில் வயிறு வரும், பின்னால் அவர் வருவார். நாலடிக்கு ஒருதரம் நின்று மூக்கை உறிஞ்சுவார். ஒருநாள் கஞ்சி குடிக்கிற நேரத்தில், உப்பு அம்பாரத்தின் நிழலில், காலிச் சாக்கைக் குடையாகப் பிடித்து நான் அவரைப் போலவே நடந்து காட்டினேன். சிரித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லாரும் திடீரென்று வாயை மூடினார்கள். பின்னால் அவர் நின்றார். “ஏளா, நாளையிலேருந்து வராத.” அவ்வளவுதான். நான் மன்னிப்புக் கேட்கவில்லை. வேறு அளத்துக்கு இரண்டு மடங்கு தூரம் நடந்து போனேன்.

பிள்ளைகள் இரண்டும் பின்னாளில் தாங்களாகவே விரும்பிக் கல்யாணம் என்று வந்து நின்றன. அன்றோடு நான் அவருக்குத் தங்கச்சி, அவர் எனக்கு அண்ணாச்சி. பழைய பேச்சை இருவரும் எடுத்ததே இல்லை.

எனக்குக் கோபம் வந்ததற்கு மறுநாள் மத்தியானமும் அவர் கட்டிலுக்கு எதிரே இருந்த டிவியில் அதே நிகழ்ச்சி ஓடியது. கோபம் இருந்தாலும் நான் எழுந்து போகவில்லை என்பதையும் சொல்லவேண்டும். ஒரு மிமிக்ரிக்காரர் வந்து வேறொரு பெரிய நடிகரின் முன்னாலேயே அவரைப் போல நடந்தார். நடிகர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

படுக்கையிலிருந்து குரல் வந்தது. “நீங்களும் ஒருநாள் நடந்தீங்க, தங்கச்சி.”

எனக்குச் சுருக்கென்றது. “நடந்தேன். நீங்கதான் முழுசா நடக்க விடலியே.”

“இப்ப நடங்க பாப்போம்.”

கதவோரம் இருந்த குடையை எடுத்தேன். வயிற்றைத் தள்ளி, கட்டிலுக்கும் சன்னலுக்குமாக நடந்து, நின்று, உறிஞ்சினேன்.

“ஏளா! அவ்வளவு கேவலமாவா மூக்க உறிஞ்சினேன்?”

“கொஞ்சமாவா உறிஞ்சுனீங்க? அளத்து உப்புல பாதி ஒங்க மூக்குக்குள்ளதான் போச்சு.”

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்கியதும் சுவரோரம் கிடந்த வாக்கரைக் காட்டினார். “அத இங்கன தள்ளுங்க.”

எழுந்தார். இடதுகாலை இழுத்து இழுத்துச் சன்னலோர நாற்காலிவரை ஆறடி. முகமெல்லாம் வேர்வை. உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“இந்த நடைய நடங்க பாப்போம்.”

நொண்டுகிறவரைப் போல நொண்டிக் காட்டுவது பாவமில்லையா? ஆனால் அந்த நடிகர் ஏன் அப்படிச் சிரித்தார் என்று எனக்கு அப்போது பிடிபட்டது. அவரை ஒரு ஆளாக மதித்ததால்தான் கேலி செய்தார்கள். படுத்துக் கிடக்கிறவனை யாரும் கேலி செய்வதில்லை, பாப்பா என்றுதான் கொஞ்சுகிறார்கள். நான் இப்போது பாவம் பார்த்தால் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

வாக்கரைப் பிடித்தேன். ஒன்றும் குறைக்காமல், காலை இழுத்து, பல்லைக் கடித்து, ஆறடியும் நடந்தேன்.

அவர் என் காலையும் மூஞ்சியையும் உற்றுப் பார்த்தார். பிறகு, “காலு சரி. மூஞ்சி சரியில்ல. நான் என்ன இழவு வீட்டுக்கா போறேன்? கொண்டாங்க” என்று வாக்கரை வாங்கினார். இந்தத் தடவை கட்டிலைத் தாண்டி, வாசல் நிலையைத் தாண்டி, வெளி அறைக்கே போய்விட்டார். நான் குறுக்கே போகாமல் பின்னாலேயே நடந்தேன்.

சாயந்தரம் மகள் வந்தாள். மாமனார் வெளி அறையில் உட்கார்ந்திருப்பதைக் கண்டு பையைக்கூட இறக்காமல் நின்றுவிட்டாள்.

“மாமா, ஒங்கள யாரு தூக்கி வச்சா?”

“எவன் தூக்கணும்? நடந்து வந்தேன். ஒங்கம்மா நடந்த நடையப் பாத்தா பொணத்துக்கும் ரோசம் வரும்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் காப்பி போடப் போனேன்.