துக்கம் என்றே நினைத்தோம்

மணமேல்குடிப் பக்கம் எங்கள் ஊர். புயலில் கீற்று வீடு போன பிறகு, சர்க்கார் காலனியில் எங்களுக்கும் ஒரு வீடு கிடைத்தது. சிமெண்ட் ஷீட் போட்ட ஒரே அறை. தெருவைப் பார்த்து ஒரு ஜன்னல். "இனிமே எந்தக் காத்தும் இத அசைக்காது" என்று அத்தா சந்தோஷப்பட்டார். அடுத்த பங்குனியில் காய்ச்சல் கண்டு மவுத்தாகிவிட்டார்.

அம்மா இத்தா இருந்தார்கள்; புருஷன் இறந்தால் பெண் நாலு மாதம் பத்து நாள் வீட்டோடு இருக்கும் முறை அது. வெளி ஆண்கள் கண்ணில் படக்கூடாதென்று ஜன்னலைச் சாத்தி, வாசலுக்குக் கனத்த திரை போட்டோம். பழைய வீடென்றால் வேலியடைத்த கொல்லையில் காற்றாட உட்காரலாம். இங்கே கொல்லையே கிடையாது. அந்த வீட்டைக் கட்டியவர்கள் ஒரு நாள் மத்தியானம் அதில் இருந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

"ரொம்பப் புழுங்குதாம்மா?" என்று கேட்டேன்.

"அவுகளே போயிட்டாக. புழுக்கம் என்ன பெருசு?" என்றார்கள்.

அம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. தலைவலி என்று படுத்தே கிடந்தார்கள். பார்க்க வந்தவர்கள் துக்கம் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். சித்திரையில் ஒரு மத்தியானம், அத்தா எதிரில் நிற்பதுபோல் அவரோடு பேச ஆரம்பித்தார்கள். பெரியம்மாவும் நானும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதோம். பேச்சு நின்ற பிறகுதான் கையைப் பிடித்தேன். நெருப்பாகச் சுட்டது.

மாட்டு வண்டியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். "துக்கத்துல ஒடம்பு இப்படிக் காயாதும்மா. இது ஷீட்டு வெக்கை" என்றார் நர்ஸ். அம்மா அன்று மாலையே போய்விட்டார்கள்.

இப்போது ஷீட்டின் மேல் கீற்று பரப்பியிருக்கிறோம். பின்சுவரில் ஜன்னல் வைத்தாயிற்று. துக்க வீட்டுக்குப் போனால், ஆறுதல் சொல்லுமுன் இத்தா இருக்கும் பெண்ணின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறேன்.