புட்டுக்குழல் பாட்டு

எங்கள் வீட்டுப் பொடியனுக்குத் தமிழ் வாசிப்பு என்றால் வேப்பெண்ணெய் குடிக்கிற மாதிரி. அப்போது எட்டு வயது. ஒழுங்கையில் பந்து விளையாடும்போது தெரு முழுக்கக் கேட்கச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் சண்டை பிடிப்பான். தமிழ்ப் புத்தகத்தை விரித்தால் மட்டும் இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு முட்டும். வகுப்பில் தான் எழும்பி வாசித்தால் மற்றப் பிள்ளைகள் சிரிக்கிறார்கள் என்று ஒருநாள் வந்து சொன்னான். சொல்லிவிட்டுச் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் போய்ப் படுத்துவிட்டான். எனக்குத் தாங்கவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், ஒரு வீட்டின் மேல்மாடியில் வாடகைக்கு இருந்தோம். நான் கோட்டைப் பகுதியில் ஒரு கப்பல் கம்பனியில் கிளாக்கர். கவிதைக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆனால் கந்தோரில் ரைப் அடித்து அடித்து வரிகளை ஒடுக்கவும் அகட்டவும் கை பழகியிருந்தது. அந்தத் துணிவில் அவனுக்குப் பாட்டு எழுதத் தொடங்கினேன். முதல் பாட்டு தலைமயிர் வெட்டப் போவதைப் பற்றியது. ஒவ்வொரு வரியையும் மேலிருந்து கீழே தொங்கவிட்டுச் சீப்பு மாதிரி எழுதினேன். நடுவில் இரண்டு பல் இல்லை. வீட்டுச் சீப்பில் அந்த இரண்டையும் உடைத்தவன் அவன்தான். விழுந்து விழுந்து சிரித்தான். சிரித்துக்கொண்டே முழுவதையும் வாசித்தும் விட்டான்.

பிறகு, குளிக்கப் பஞ்சிப்பட்டுச் சுருண்டு படுக்கிற பொடியனின் பாட்டு, வாளி வடிவில். ஒற்றைச் சப்பாத்தைத் தேடுகிறவனின் பாட்டு, சப்பாத்து வடிவில். "அப்பாவுக்கும் மகனுக்கும் வேற வேலை இல்லை," என்றாள் என் மனைவி. ஆனால் வாளிப் பாட்டைக் குளியலறைக் கதவில் ஒட்டியவள் அவள்தான்.

எல்லாவற்றிலும் அவனுக்குப் பிடித்தது புட்டுக்குழல் பாட்டு. காலையில் புட்டைக் கண்டால் முகத்தைத் திருப்புகிறவனுக்கு அது பிடிக்காமல் போகுமா?

            உஸ்
          புட்டு
         நேற்றும்
          புட்டு
         இன்றும்
          புட்டு
          நாளை
         என்ன?
          புட்டு
  கீழே பானை கொதிக்குது
  மேலே அம்மா கொதிக்கிறா
 நடுவில் நானும் அவியிறன்

இதை ஓரிடத்திலும் தடக்காமல் வாசித்தான். பள்ளிக்கூடத்துச் சிறுவர் விழாவில் இதைச் சொல்லப் போவதாகத் தானே ரீச்சரிடம் பெயரும் கொடுத்துவிட்டு வந்தான். வாசிக்கச் சொன்னால் மேசைக்குக் கீழே ஒளிக்கிற பிள்ளை மேடை ஏறப் போகிறது என்றால் சும்மாவா? மேடையில் தூக்கிப் பிடிக்கப் பெரிய பிறிஸ்டல் மட்டை வாங்கிக் கொடுத்தேன். கறுப்புப் பேனையால் தடித்த எழுத்தில் எழுதி, குழலையும் பானையையும் சுற்றிக் கோடு கீறி, வரவேற்பறைச் சுவரில் சாத்தி வைத்தான்.

விழாவுக்கு முதல்நாள் விடியப்புறம் ஆமிக்காரர் எங்கள் ஒழுங்கையைச் சுற்றி வளைத்தார்கள். அது எங்களுக்குப் புதிதல்ல. யுத்தம் நடந்த அந்த நாட்களில் தமிழர் வீடுகளில் கதவோரம் ஒரு ஃபைல் இருக்கும். அடையாள அட்டை, பொலிஸ் பதிவு எல்லாம் அதற்குள் ஆயத்தமாக இருக்கும். கீழே பூட்ஸ் சத்தம் கேட்டதும் நான் ஃபைலை எடுத்தேன். அடுப்பில் புட்டை வைத்துவிட்டு வந்த மனைவி மட்டையைப் பார்த்து அப்படியே நின்றாள்.

"என்னப்பா, இது ஷெல் குண்டு மாதிரியெல்லோ கிடக்கு."

நானும் பார்த்தேன். நீட்டுக் குழல், உச்சியில் கூராக ஓர் உஸ், சுற்றிவரக் கறுப்புக் கோடு. அவள் சொன்ன பிறகு எனக்கும் அது ஷெல்லாகத்தான் தெரிந்தது.

"எழுத்து இருக்குத்தானே. வாசிச்சா விளங்கும்," என்றேன்.

"எழுத்தும் தமிழ். வாறவையில ஆர் வாசிக்கப் போயினம்?"

நாங்கள் இப்படிக் குசுகுசுத்துக்கொண்டு நிற்க, படுக்கையால் எழும்பி வந்த பொடியன் மட்டையை எடுத்தான். நடுவால் கிழித்தான். அந்தத் துண்டுகளையும் கிழித்தான். "பெரிய துண்டெண்டா தெரியும்," என்று சொல்லி, ஓரெழுத்தோடு இன்னோரெழுத்து சேராத அளவுக்குக் கிழித்தான். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். இதையெல்லாம் அவனுக்கு நாங்கள் சொல்லிக் கொடுத்ததே இல்லை. மனைவி துண்டுகளை அள்ளிக் குப்பை வாளியில் போட்டு, மேலே தேங்காய்ச் சக்கையைக் கொட்டினாள்.

வந்த ஆமிக்காரர் இரண்டு பேரும் ஃபைலைப் பார்த்தார்கள், அலுமாரியைத் திறந்தார்கள், கட்டிலுக்குக் கீழே குனிந்தார்கள். அவர்களில் இளையவன் குசினிக்குள் போனான். அங்கே உண்மையான குழல் பானைக்கு மேலே நிமிர்ந்து நின்று உஸ் என்று ஆவி விட்டுக்கொண்டிருந்தது. படத்தைக் கிழித்துப் புதைத்த எங்களுக்கு இதை இறக்கி வைக்கத் தோன்றவே இல்லை.

"பிட்டுத?" என்று சிங்களத்தில் கேட்டான்.

"ஓவ், பிட்டு," என்றாள் மனைவி.

அவன் மூக்கால் ஒருதரம் இழுத்து மணம் பிடித்துவிட்டுப் படியிறங்கிப் போனான்.

அன்று காலை அந்தப் புட்டில் ஒருவரும் சரியாகக் கை வைக்கவில்லை. "வேற மட்டை வாங்கித் தாறன்," என்றேன். "வேண்டாம்," என்றான். நாளைக்கு மேடையில் சொல்லுவாயா என்று கேட்டதும் புட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழும்பிப் போனான்.

விழா கொட்டாஞ்சேனையில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பெயர் கூப்பிட்டதும் வெறுங்கையோடு ஏறினான். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வாசிக்கிறபோது சிரிக்கிற அதே பிள்ளைகள்தான் முன்வரிசையில் இருந்தார்கள். திடீரென்று இரண்டு கையையும் தலைக்கு மேலே உயர்த்தி, விரல்களைக் கூராகச் சேர்த்து விறைப்பாக நின்றான். "உஸ்," என்றான். மண்டபம் சிரித்தது. அவன் தடக்கவில்லை. கடைசி வரியில் முழங்கால் மடங்கி, அவிந்து அவிந்து கீழே இறங்கினான். சிரிப்பு அடங்கும் வரைக்கும் மேடையை விட்டு இறங்காமல் நின்று அனுபவித்தான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் சொன்னான்: "நானே குழலா நிண்டா ஒருத்தரும் கிழிக்கத் தேவையில்லைத்தானே, அப்பா." நான் அவன் தலையைத் தடவினேன்.

காலிக்குப் போகும் பெருவீதிச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை மறித்து எல்லோரையும் இறக்கினார்கள். என் முறை வந்தது. இரண்டு கையையும் உயர்த்தினேன். ஆமிக்காரன் அக்குளிலிருந்து கீழே தடவத் தொடங்கினான். பிள்ளைகளைச் சோதிப்பதில்லை. ஆனாலும் மகன் என் பக்கத்தில் வந்து நின்று தன் கைகளையும் உயர்த்தினான். என்னை அண்ணாந்து பார்த்து மெல்லச் சொன்னான்.

"அப்பா, மேல சேர்த்துப் பிடியுங்கோ. அப்பத்தான் குழல்."

ஆமிக்காரனின் கை என் இடுப்பில் இருந்தது. நான் சேர்த்துப் பிடித்தேன்.