வளர்கிற பிள்ளைக்கு வாங்கிய கோல்ஃப் மட்டை

நான்கு வருடங்களுக்கு முன்பு, ஆடிக் காற்று புழுதியைக் கிளப்பிக்கொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. புதுக்கோட்டையிலிருந்து கந்தர்வக்கோட்டை போகிற சாலையில், முந்திரித் தோப்பை ஒட்டியிருக்கும் ஒரு சிறிய தனியார் பள்ளியில் எல்.கே.ஜி. ஆசிரியையாக இருக்கிறேன். வீடு புதுக்கோட்டையில். காலை ஏழேகாலுக்குப் பஸ் ஏறினால், திரும்ப வீட்டுக்குள் கால் வைக்கும்போது சாயங்காலம் ஆறு மணி ஆகிவிடும். நடுவில் முப்பத்திரண்டு பிள்ளைகள். மூக்கைத் துடைத்து, ஷூ மாட்டிவிட்டு, டிபன் பாக்ஸைத் திறந்து கொடுத்து, 'அ' எழுத வைத்து முடிப்பதற்குள் என் பெயரே எனக்கு மறந்துபோகும். ஐம்பதை நெருங்குகிற வயது, கால் வீக்கம் வேறு. அந்த வருடம் எதைத் தொட்டாலும் இது எப்போது முடியும் என்றுதான் இருந்தது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் செய்த தப்புக்குப் பாதிக் காரணம் அந்த அலுப்புதான். மீதிப் பாதிக்குச் சாக்கு எதுவும் கிடையாது.

எங்கள் தாளாளர் நல்ல மனிதர். ஆனால் செல்போனில் எதையாவது பார்த்துவிட்டார் என்றால் மறுநாள் அது பள்ளிக்கூடத்துக்கு வந்தாக வேண்டும். பக்கத்து ஊர்ப் பள்ளியில் ஸ்கேட்டிங் ஆரம்பித்திருந்தது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒருநாள் ஏதோ ஒரு வெளிநாட்டில் நாலு வயதுப் பிள்ளைகள் கோல்ஃப் ஆடுகிற வீடியோவைக் காட்டி, விளையாட்டு விழாவில் நம் எல்.கே.ஜி. பிள்ளைகள் இதை ஆட வேண்டும் என்றார். பி.டி. சார் பெரிய வகுப்புகளின் கபடியைக் காட்டித் தப்பித்துக்கொண்டார். ஆன்லைனில் சாமான் வாங்கத் தெரிந்தவள் என்ற ஒரே தகுதியில் பொறுப்பு என் தலையில் விழுந்தது. கோல்ஃப் மட்டையை அதுவரை நான் டி.வி.யில்கூட நின்று பார்த்ததில்லை.

தேடியதில், குழந்தைகளுக்கான விளையாட்டுச் சாமான் விற்கிற ஒரு சென்னைக் கடை கிடைத்தது. பஸ் ஸ்டாண்டில் ஒரு கையில் பையும் ஒரு கையில் போனுமாக நின்றபடி பேசினேன். கடைக்காரர் பொறுமையானவர். வயதைப் பார்த்து வாங்கக்கூடாது, உயரத்தைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், தரையில் நிறுத்தினால் மட்டை பிள்ளையின் இடுப்புக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும், கனமும் இருக்கக்கூடாது என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். உயரத்தை அளந்துவிட்டுக் கூப்பிடுங்கள் என்றார். இத்தனைக்கும் ஜூன் மாதமே முப்பத்திரண்டு பேரின் உயரத்தையும் என் கையால் அளந்து ஹெல்த் கார்டில் எழுதி வைத்திருந்தேன். மறுநாள் வகுப்பு அலமாரியைத் திறந்தால் போதும். ஆனால் என் பஸ் கிளம்பிக்கொண்டிருந்தது.

"பெரிய சைஸே அனுப்பிருங்க. வளர்ற பிள்ளைங்கதானே" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

இந்த வார்த்தையை எங்கள் பக்கம் யாரும் யோசித்துச் சொல்வதில்லை. ஜவுளிக்கடையில் சட்டையின் தோள் இரண்டு விரல் கீழே இறங்கினால்தான் எங்களுக்குத் திருப்தி. யூனிஃபார்ம் தைக்கக் கொடுத்தால் பாவாடையில் நாலு விரல் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்வோம். வருடா வருடம் பிரித்துவிட்டுக்கொள்ளலாம். ஷூ பெரிதாக இருந்தால் நுனியில் துணியைத் திணிப்போம். என் மகன் பத்தாவது முடிக்கிறவரை அவன் காலுக்குச் சரியான ஷூ போட்டதே இல்லை. ஒன்று பெரிதாக இருக்கும், சரியாக வருகிற நேரத்தில் கிழிந்திருக்கும். கோல்ஃப் மட்டையையும் நான் அப்படித்தான் நினைத்தேன். எல்.கே.ஜி.யில் வாங்கினால் மூன்றாம் வகுப்பு வரைக்குமாவது வர வேண்டாமா?

பத்து மட்டைகள் வந்தன. இரும்புத் தலை, இரும்புத் தண்டு, கறுப்பு ரப்பர் பிடி. வாட்ச்மேன் அண்ணன் ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டு, ஹாக்கி மட்டைக்கு உடம்பு சரியில்லையா டீச்சர் என்று கேட்டார். தாளாளர் ஒன்றைத் தன் அறையில் ஷீல்டுகளுக்குப் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டார். பிள்ளைகள் கையில் கொடுத்தபோது பலருக்கு மட்டை நெஞ்சு வரைக்கும் வந்தது. எனக்கும் உறுத்தத்தான் செய்தது. ஆனால் திருப்பி அனுப்ப வேண்டுமென்றால் மறுபடியும் பெட்டி கட்டி, கூரியர் ஆபீஸுக்கு அலைய வேண்டும். நினைத்ததுமே கால் வலித்தது. கிடக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

வகுப்பிலேயே குட்டையாக ஒரு பெண் பிள்ளை இருந்தாள். நாலு வயது இன்னும் நிரம்பவில்லை. அப்பா சவூதியில் வேலை பார்க்கிறார், இங்கே அம்மாவும் இவளும்தான். சிறிய பிள்ளை முன்னால் நின்றால் பார்க்க அழகாக இருக்கும் என்று தாளாளர் அவளை முன்வரிசையில் நடுவில் நிறுத்தச் சொல்லிவிட்டார். அதனால் மற்றவர்கள் முறை வைத்து ஆட, அவள் மட்டும் தினமும் ஆடினாள். மேலே ரப்பர் பிடியைப் பிடித்தால் அவளால் மட்டையைத் தூக்க முடியவில்லை. பாதித் தண்டில் பிடித்துக்கொண்டுதான் பந்தை அடிப்பாள். நான் அவள் கையை இழுத்து மேலே வைப்பேன். நான் அந்தப் பக்கம் திரும்பியதும் கை கீழே இறங்கிவிடும். ஒருநாள், "முடியல மிஸ்" என்றாள். காலையிலிருந்து எத்தனையோ 'முடியல மிஸ்' கேட்டாகிவிட்டது. அவள் முகத்தைக்கூடப் பார்க்காமல், "பெருசானா எல்லாம் சரியாப் போயிரும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையிடம் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு அவளிடம் சில மாற்றங்கள் தெரிந்தன. வகுப்புச் சுவரில் உயரம் அளக்க ஓர் ஒட்டகச்சிவிங்கிப் படம் ஒட்டியிருக்கிறோம். காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் அதில் முதுகை ஒட்டிக்கொண்டு நிற்பாள். குதிகாலை எக்கி, தலைக்கு மேல் கையை வைத்துப் பார்ப்பாள். போய் உட்கார் என்று தினமும் விரட்டியிருக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டில் பாதியை மிச்சம் வைக்கிற பிள்ளை, தினமும் அவித்த முட்டை கொண்டுவந்து கடைசித் துணுக்கு வரை தின்றாள். எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்ததோடு சரி.

விழாவுக்கு இரண்டு வாரம் இருக்கும். காலை பிரேயர் முடிந்ததும் தாளாளர் அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே அந்தப் பிள்ளையின் அம்மா நின்றுகொண்டிருந்தார். பிள்ளை அவருடைய முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். எப்போதும் 'வாரேன் டீச்சர்' என்று தலையைக் குனிந்துகொண்டு போகிற சின்னப் பெண் அவர். அன்றைக்கு என்னை நேராகப் பார்த்தார். பிறகு பிள்ளையின் சட்டையைத் தூக்கிக் காட்டினார். தொப்புளுக்கு மேலே நாலைந்து இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. சில பழசாகி மஞ்சளாக, ஒன்றிரண்டு புதிதாக நீலமாக.

"நேத்து குளிக்க வைக்கையில பாத்தேன். என்ன பாப்பான்னு கேட்டா, மிஸ் கம்புங்கிறா. ஒங்கள நம்பித்தான டீச்சர் அனுப்புறேன்? அவுக போன்ல இதப் பாத்துட்டு அங்கிட்டு சோறு திங்காமக் கெடக்காக" என்றார்.

பள்ளிக்கூடத்தில் கம்பு என்றால் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரே அர்த்தம்தான். டீச்சர் கையில் இருப்பது, பிள்ளையை அடிக்க இருப்பது. என் மேஜையில் அப்படி ஒன்று கிடையாது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு பிள்ளையைக்கூட நான் கை நீட்டி அடித்ததில்லை. எனக்குக் கோபம் தலைக்கு ஏறிவிட்டது. "நான் அடிக்கலைங்க. வீட்டுல என்ன நடந்துச்சுன்னு மொதல்ல விசாரிங்க" என்றேன். தனியாகப் பிள்ளையை வளர்க்கிற ஒரு தாயைப் பார்த்து அப்படிச் சொன்னேன். அந்த அம்மாவின் முகம் செத்துப்போனது. இன்றைக்கும் இந்தச் சம்பவத்தை நினைத்தால் எனக்கு முதலில் அந்த முகம்தான் வருகிறது.

விசாரித்து முடிக்கிறவரை வகுப்புக்குப் போக வேண்டாம் என்றார் தாளாளர். வேலை போனால் நாளைக்கு ஏழேகால் பஸ்ஸுக்கு ஓட வேண்டாமே என்றுகூட ஒரு நொடி தோன்றியது. அவ்வளவு அலுத்துப்போயிருந்தேன். அடுத்த நொடியே, பிள்ளையை அடித்தவள் என்ற பெயரோடா வெளியே போவது என்றும் தோன்றியது.

தாளாளர் பிள்ளையிடம் குனிந்து, எந்தக் கம்பு என்று காட்டச் சொன்னார். அவள் முந்தானையை விட்டுவிட்டு நேராக ஷீல்டுகள் இருந்த இடத்துக்குப் போனாள். சாத்தி வைத்திருந்த கோல்ஃப் மட்டையை இழுத்துக்கொண்டு வந்தாள். வழக்கம்போலப் பாதித் தண்டில் பிடித்து, காலை அகட்டி நின்று, இல்லாத பந்தை வீசி அடித்தாள். கைக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்த மட்டையின் நுனி திரும்பி வந்து அவள் வயிற்றில் குத்தியது. அந்தச் சத்தம் எங்கள் மூன்று பேருக்கும் கேட்டது. கண்ணை ஒருமுறை இறுக்க மூடித் திறந்துவிட்டு, இரண்டாவது தரம் அடிக்கக் கையை ஓங்கினாள். அவள் அம்மா ஓடிப்போய் மட்டையைப் பிடித்துக்கொண்டார்.

எப்படி உட்கார்ந்தேன் என்று தெரியவில்லை, வீங்கிய காலோடு அவள் முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தேன். வலிக்கிறது என்று ஏன் மிஸ்ஸிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"பெருசானா சரியாப் போயிரும்னு நீங்கதான மிஸ் சொன்னீங்க. நான் தெனமும் முட்டை சாப்பிடுறேன்" என்றாள்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் அம்மா பக்கத்து நாற்காலியில் அப்படியே உட்கார்ந்தார். "அப்பா எப்ப வருவாருன்னு கேட்டுக்கிட்டே இருப்பா டீச்சர். நீ பெருசானதும் வந்துருவாருன்னுதான் நானும் சொல்லி வச்சிருக்கேன். அதுக்குத்தான் முட்டை கேக்குறாளாக்கும்னு நெனச்சேன்" என்றார். நாங்கள் இரண்டு பேரும் எங்கள் வசதிக்குச் சொன்ன ஒரே பதிலை அந்தப் பிள்ளை அப்படியே நம்பி, சுவரோரம் எக்கி எக்கி நின்றிருக்கிறாள்.

கடைக்காரர் உயரம் கேட்டது, நான் பெரிய சைஸ் கேட்டது எல்லாவற்றையும் அங்கேயே சொன்னேன். வீட்டில் விசாரிக்கச் சொன்னதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அந்த அம்மா மட்டையைக் கையில் வாங்கி, மேலும் கீழும் பார்த்தார்.

"நானும் எல்லாம் பெருசாத்தான் டீச்சர் எடுப்பேன். சட்டைன்னா உள்ள மடிச்சுத் தச்சுக்கலாம். இத எங்கிட்டு மடிக்கிறது?" என்றார். அதில் கோபம் இல்லை. என்னைப் போலவே அவரும் களைத்துப்போயிருந்தார்.

தாளாளர் தன் காரிலேயே டாக்டரிடம் அழைத்துப் போனார். உள்ளே ஒன்றும் இல்லை, தானாக மறைந்துவிடும் என்றார் டாக்டர். நான் அன்றைக்கே அலமாரியைத் திறந்து ஹெல்த் கார்டுகளை எடுத்தேன். அவளுடைய உயரம் தொண்ணூற்றாறு சென்டிமீட்டர் என்று என் கையெழுத்திலேயே இருந்தது. ஒவ்வொரு பிள்ளையையும் மறுபடி நிற்க வைத்து, தரையிலிருந்து இடுப்பு வரை அளந்து கடைக்காரருக்குச் சொன்னேன். அன்றைக்கே சொன்னேனே என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கனமில்லாத, தலை பெரிதாக இருக்கிற பிளாஸ்டிக் மட்டைகளை அனுப்பினார். இரும்பு மட்டைகளை மூன்றாம் வகுப்புக்குக் கொடுத்தோம்.

அவள் நாலு நாள் பள்ளிக்கு வரவில்லை. அந்த இடம் காலியாகக் கிடந்தது, நான் பார்க்காத மாதிரி பாடம் நடத்தினேன். ஐந்தாவது நாள் கேட்டில் அவள் அம்மா, "கம்பு மாத்தியாச்சா டீச்சர்?" என்று கேட்டார். மாற்றியாகிவிட்டது என்றேன். பிள்ளையின் கையை என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். விழாவில் அவள் அடித்த பந்து தாளாளர் நாற்காலிக்கு அடியில் போய் நின்றது. மறுபடியும் அடிக்கப் பந்தைத் தேடி நாற்காலிக்கு அடியில் நுழைந்தவளை வெளியே இழுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அடுத்த ஜூன் மாதம் யு.கே.ஜி.க்கு உயரம் அளக்கவும் என்னையே கூப்பிட்டார்கள். அவள் குதிகாலை எக்காமல் நேராக நின்றாள். நூற்றிரண்டு. பெரிசாகிவிட்டேனா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப அப்பா வரலையே மிஸ்" என்றாள். வழக்கமான பதில் நாக்கு நுனி வரை வந்தது, விழுங்கிவிட்டேன். "அது மிஸ்ஸுக்குத் தெரியலடா, அம்மாகிட்ட கேட்டுச் சொல்றேன்" என்றேன். சாயங்காலம் கேட்டில் அவள் அம்மாவிடம் சொன்னேன். "இன்னும் ரெண்டு வருசம் ஆகும்னு சொல்லிர்றேன் டீச்சர். அழுதா அழட்டும்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளையை அழைத்துக்கொண்டு போனார்.

இப்போதும் அதே ஏழேகால் பஸ், அதே கால் வீக்கம், அதே அலுப்பு. யூனிஃபார்முக்கு அளவெடுக்க டெய்லர் வந்தால் நாலு விரல் உள்ளே மடித்துத் தைக்கச் சொல்லத்தான் செய்கிறேன். ஆனால் ஒரு பிள்ளை "முடியல மிஸ்" என்றால், அன்றைக்கு எவ்வளவு ஓய்ந்துபோயிருந்தாலும், குனிந்து அதன் முகத்தைப் பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. நான் சொல்வதை நம்பி வலியைப் பொறுத்துக்கொள்கிற பிள்ளை ஒன்று எப்போதும் என் எதிரில் நிற்கிறது என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.