ஒரு வேளைச் சாப்பாடும் அம்மாவின் உடம்பும்

மத்தியானம் மூன்று மணிக்குச் சோறு வடிக்கும் வாசனை எந்த ஊரில், எந்தச் சந்தில் மூக்கில் பட்டாலும் எனக்குப் பசிப்பதில்லை. கோலசிலாங்கூர் பக்கம், எண்ணெய்க்காக வளர்க்கும் ஒரு செம்பனைத் தோட்டத்தில், பன்னிரண்டு வீடுகள் ஒட்டி நின்ற பலகை லயத்தில், எங்கள் வீட்டு உலை கொதித்தது அந்த ஒரு நேரத்தில்தான்.

அம்மா விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் 'பெரட்டு'க்குப் போய்ப் பேர் கொடுத்துவிட்டு, குலை வெட்டுகிறவர்களின் பின்னால் நடந்து, கீழே உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் சேர்ப்பாள். "வவுத்துல சோறு இருந்தா குனிய முடியாது" என்று காரணம் சொல்வாள். அது பாதி உண்மை. லோரி ஓட்டப் போன அப்பா திரும்பி வராமலே போனதால் காலையிலும் ஆக்குவதற்கு வீட்டில் அரிசி போதாது என்பது மீதிப் பாதி. முந்தின நாள் சோற்றில் மிச்சம் இருந்தால் தண்ணீர் ஊற்றி எனக்கு வைத்துவிட்டுப் போவாள். வேலை முடிந்து வந்து, உலை வைத்து, பெரிய மங்கு நிறையச் சோற்றைப் போட்டுக்கொண்டு தலை நிமிராமல் சாப்பிடுவாள். அதற்குப் பிறகு மறுநாள் மூன்று மணிதான்.

ஆனால் அம்மா குண்டு. அதுதான் லயத்துக்கே வேடிக்கை. அடுத்த வீட்டு லெச்சுமி அத்தை, அம்மாவோடு ஒரே நிரையில் பழம் பொறுக்குகிறவர், எல்லோர் காதிலும் விழும்படி, வேலை மேய்க்கும் மண்டோரிடம், "ஒரு வேளதான் திங்கிறாளாம்! காத்தக் குடிச்சா இப்பிடி ஆச்சு ஒடம்பு? மண்டோரு, இவள டிராக்டர்ல ஏத்தாதீங்க, பழக்கொலையோட கவுந்துரும்" என்பார். "ஒன் புருசன் கண்ணு வைக்காம இருந்தா நான் எளச்சிருவேன்டி" என்று அம்மாவும் விடமாட்டாள். பெண்கள் பத்து மணிக்குச் சாப்பிடக் கொஞ்சம் நேரம் கேட்டால், மண்டோர், "ஒரு வேள திங்கிறவன் யோகி, ரெண்டு வேள திங்கிறவன் போகி, மூணு வேள திங்கிறவன் ரோகி" என்று சொல்லிவிட்டு, மர நிழலில் உட்கார்ந்து தன் நாசி லெமாக் தேங்காய்ப்பால் சோற்றுப் பொட்டலத்தைப் பிரிப்பார்.

யாரும் சாப்பாடாக நினைக்காத ஒன்று இருந்தது. டின் பாலும் சீனியும் தாராளமாகப் போட்டுக் கலக்கிய தேத்தண்ணியை இரண்டு போத்தலில் ஊற்றி எடுத்துப் போவாள். குனிந்து நிமிரும்போதெல்லாம் ஒரு மடக்கு. வீட்டுக்கு வந்தபின் படுக்கும்வரை இன்னும் நாலைந்து குவளை. அது 'தண்ணி', தண்ணியை யார் கணக்கில் சேர்ப்பார்கள்? அம்மாவைப் பெருக்க வைத்ததும் அந்தத் தண்ணிதான், நாள் முழுக்க நிற்க வைத்ததும் அந்தத் தண்ணிதான் என்பது எனக்கு விளங்கப் பல வருடங்கள் ஆயின.

அம்மாவின் காலில் பட்ட முள் காயம் ஒரு மாதமாகியும் ஆறவில்லை. கோலசிலாங்கூரில் கிளினிக்குக்குப் போனோம். எனக்குப் பதினொரு வயது. அம்மாவுக்குத் தெரிந்த சந்தை மலாயும் அந்த வெள்ளை உடுப்பைக் கண்டதும் மறந்துபோக, பேசுவதற்கு என்னை முன்னால் தள்ளினாள். இரத்தத்தில் சீனி அதிகம் என்று சொன்ன நர்ஸ் மிஸ்ஸி, அம்மா ஒரு நாளைக்கு எத்தனை வேளை சாப்பிடுகிறார் என்று கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மேசைக்கடியில் என் தொடையைக் கிள்ளி, "மூணுன்னு சொல்லு. இல்லாதப்பட்டவங்கன்னு நெனைக்கப் போறா" என்றாள். நான் மூன்று என்று சொன்னேன். நல்ல மலாயில், தெளிவாகச் சொன்னேன்.

அந்த மிஸ்ஸியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. மூன்று வேளை சாப்பிடுகிற ஒருத்திக்குக் கொடுக்க வேண்டிய மாத்திரையைக் கொடுத்தார்: காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சாப்பாட்டோடு. தேத்தண்ணியில் இனி சீனியும் கூடாது, டின் பாலும் கூடாது என்றார்.

பிறர் சொன்னால் கேட்கிறவள் அம்மா. அன்றே இனிப்பை நிறுத்தினாள். மாத்திரையை மட்டும் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். "வெறும் வவுத்துல போடக்கூடாதுல்ல? அப்ப சாப்பிடறப்ப ரெண்டையும் சேத்துப் போட்டுக்கறேன்." உறையைப் படிக்கத் தெரிந்தவள் என்ற பெருமையில் நானும் தலையாட்டினேன்.

நாலைந்து நாளில் அவளுக்கு வேர்க்க ஆரம்பித்தது. கை நடுங்கியது. பாவாடை நாடா ஒரு விரல்கடை உள்ளே இறங்கியிருந்ததைக் காட்டி, "எளைக்குது பாரு, அதான் இப்பிடி" என்று சந்தோஷப்பட்டாள்.

அந்தச் சனிக்கிழமை பள்ளி இல்லை. நானும் பழம் பொறுக்கப் போயிருந்தேன். ஒன்பது மணி இருக்கும், அம்மா சாக்கின்மேல் உட்கார்ந்துவிட்டாள். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. என்னை யாரோ போலப் பார்த்து, சம்பந்தமில்லாமல் ஏதோ பேசினாள். லெச்சுமி அத்தை ஓடி வந்து, "ஏய் பாக்கியம், என்னாடி செய்யுது?" என்று தோளைப் பிடித்துக்கொண்டு, தன் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து அம்மா வாயருகே கொண்டுபோனார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். "இனிப்புக் குடுக்கக்கூடாது! மிஸ்ஸி சொல்லியிருக்காங்க!" தேத்தண்ணி மண்ணில் கொட்டியது. டிராக்டர் வந்து, அம்மாவை ஏற்றி, பெரிய ரோட்டில் ஒரு வண்டியை மறித்து ஆஸ்பத்திரி போய்ச் சேரும்போது அவளுக்கு நினைவு இல்லை. எட்டாம் நாள் போய்விட்டாள்.

கருமாதியில் லயமே ஒரே பேச்சாகப் பேசியது: "தின்னே செத்தா. ஒளிச்சு வச்சுத் தின்னிருக்கா." மறுத்துப் பேச வேண்டியவள் நான் ஒருத்திதான். பேசினால் நான் சொன்ன பொய்யையும் சொல்ல வேண்டும். வாயை மூடிக்கொண்டேன்.

படிப்பு இடைநிலைப் பள்ளி முதல் வருடத்தோடு நின்றது. ஜெராமில் மீன் காயவைத்தேன், பாசிர் பெனம்பாங்கில் இறால் உரித்தேன், பத்தாங் காலியில் கோழி வெட்டும் இடத்தில் நின்றேன்; எங்கும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. இப்போது ரவாங்கில் ஒரு தொழிற்சாலை கேண்டினில் சோறு போடுகிறேன். அங்கே வரும் இளம் பெண்கள் கைப்பேசியைப் பார்த்தபடி சண்டை போடுகிறார்கள். "ஆறு வாட்டி கொஞ்சம் கொஞ்சமா சாப்பிட்டாத்தான் ஒடம்பு கொழுப்ப எரிக்கும் லா" என்கிறாள் ஒருத்தி. பதினாறு மணி நேரம் வாயைக் கட்டினால்தான் இளைக்கும் என்கிறாள் இன்னொருத்தி. எனக்கும் சீனி வந்த பிறகு ஒரு டாக்டர் பொறுமையாக விளக்கினார்: வேளையைக் கூட்டுவதாலோ குறைப்பதாலோ மட்டும் உடம்பு இளைப்பதுமில்லை, பெருப்பதுமில்லை, நாள் முழுக்க மொத்தமாக என்ன உள்ளே போகிறது என்பதுதான் பெரிது, குடிப்பதையும் சேர்த்து. ஆனால் மாத்திரை போடுகிறவர்கள் எத்தனை வேளை என்பதை மறைக்கவே கூடாது, சாப்பாடு குறைந்தால் மாத்திரை சீனியை அளவுக்குமீறி இறக்கிவிடும், அப்போது இனிப்புக் கொடுத்தால்தான் உயிர் தங்கும் என்றார். அதற்குமேல் அவர் பேசியது என் காதில் ஏறவில்லை.

லயம் இருந்த இடத்தில் இப்போது இளஞ்செம்பனை நிற்கிறது. குடும்பங்கள் அடுக்குமாடிகளுக்குச் சிதறிவிட்டன. போன மாதம் லெச்சுமி அத்தையைத் தேடிப் போனேன். கண் மங்கிவிட்டது, ஒரு காலை எடுத்துவிட்டார்கள், சீனிதான். அம்மா தின்று சாகவில்லை என்று ஆரம்பித்து, கிளினிக்கில் நான் சொன்ன பொய், இரண்டு மாத்திரை, தட்டிவிட்ட தேத்தண்ணி எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் அவர் சொன்னார்:

"பலகைச் செவுருடி அது. ஒங்க ஊட்டுல மங்கு வைக்கிற சத்தம் ஒரு நாளைக்கு எத்தன வாட்டி கேக்கும்னு எனக்குத் தெரியாதா?"

"தெரிஞ்சுமா அத்தை ஒளிச்சு வச்சுத் தின்னான்னு சொன்னீங்க?"

"பின்ன என்னாடி சொல்றது? ஒரு வேளதான் தின்னான்னு சொன்னா, அடுத்து எங்க ஊட்டத்தான கேப்பாங்க. நாங்களும் ஒரு வேளதான்டி, ஆனா அந்தக் கிளினிக்குல மூணு வேளன்னுதான் சொல்லி வச்சிருந்தோம்."

அந்த வரிசையில் இருந்த பன்னிரண்டு வீட்டிலும், அம்மா வயதுப் பெண்களில் இப்போது உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான்.